பேனரில் இல்லாத படிப்பு

ரேணுகா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டே கைப்பேசியைப் பார்த்தேன். பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பேனரைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். நடுவில் அவள் முகம், இரு பக்கமும் குத்துவிளக்கு, கீழே கொட்டை எழுத்தில் "ஆர். ரேணுகா, பி.எஸ்சி., பி.எட்." ஒரு நிமிடம் இது வேறு யாரோ ரேணுகா என்றுதான் நினைத்தேன். முகம் அவளுடையதுதான், பெயரும் அவளுடையதுதான், படிப்பு மட்டும் இடித்தது. பதினைந்து வருடமாக ஜவ்வாது மலையில் அவளுக்கு சிஸ்டர் என்று பெயர். அந்தப் பெயருக்காக அவள் படித்த செவிலியர் படிப்பு பேனரில் இல்லை.

மதியத்துக்குள் ஒடுகத்தூர் போய்ச் சேர்ந்தேன். மாரடைப்பு. டூட்டிக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டியபடியே நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் அண்ணனிடம் மெதுவாக பேனரைப் பற்றிக் கேட்டேன். "நர்சிங் டிப்ளமாதானே டீச்சர். பெரிய படிப்பா போடுவோம்னு போட்டுட்டேன். இன்னாங்க தப்பு?" என்றார். அழுது வீங்கிய கண்ணோடு நிற்கிறவரிடம் என்ன சொல்வது? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் அஞ்சலிக் கூட்டத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒருவர் பேசினார்: "அருமையான ஆசிரியையாக வந்திருக்க வேண்டியவர், பாதியில் வழி மாறிவிட்டார்." இன்னொருவர் எழுந்து, "கொஞ்சம் முயன்றிருந்தால் டாக்டரே ஆகியிருப்பார்" என்றார். கூட்டம் உச்சுக் கொட்டியது. என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாததை, அவளை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளை "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆசிரியர் குடியிருப்பில் நான்கு வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

எங்கள் மலைப் பள்ளிக்கு அவள் தற்காலிக ஆசிரியையாக வந்தாள். நான் தலைமையாசிரியை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள்தான். கல்லூரியில் கிடைத்த இடம் புவியியல். கிடைத்ததை முணுமுணுக்காமல் நன்றாகப் படித்திருந்தாள். கரும்பலகையில் ஒரே இழுப்பில் இந்திய வரைபடம் போடுவாள். நான் முப்பது வருடம் போட்டும் எனக்குக் குஜராத் சரியாக வந்ததில்லை.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடி ஒருமுறை நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது வழியில் ஒரு டோலி. மூங்கில் கழியில் கட்டிய போர்வைக்குள், அன்று காலைதான் பிள்ளை பெற்ற ஒரு பெண். இரத்தப்போக்கு நிற்கவில்லை. நான்கு ஆண்கள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஜீப் வரும் இடத்துக்கு ஓடுகிறார்கள். ரேணுகாவும் கூடவே ஓடினாள். அவளால் செய்ய முடிந்த உதவி ஒன்றே ஒன்று. கீழே விழுந்த அந்தப் பெண்ணின் செருப்புகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் ரேணுகா அன்று சாப்பிடவில்லை. "அந்த மலை எவ்ளோ உயரம், எந்தப் பாறை, எந்த மண்ணு, எல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர். அந்தம்மாவுக்கு எங்க கைய வெச்சு அழுத்தணும்னு தெரியல. நான் செருப்பத் தூக்கிகினு ஓடியாறேன்" என்றாள். அடுத்த வாரமே செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். வயது வரம்பு முடிய அவளுக்குச் சில மாதங்கள்தான் இருந்தன.

ஆசிரியர் அறையில் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கணக்கு ஆசிரியர் ஏகாம்பரம் நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"இன்னாம்மா, பி.எட். முடிச்சிட்டு ஊசி போடப் போறியா? பசங்க காலேஜ் முடிச்சி மேல போவாங்க. நீ காலேஜ் முடிச்சிட்டு திரும்ப பசங்களோட உக்காரப் போறே."

"ஆமா சார். உங்க கணக்குல எனக்கு எத்தினி வயசு ஆவுது?"

"முப்பது தொடப் போவுது."

"படிச்சாலும் மூணு வருஷத்துல முப்பத்திரெண்டு, படிக்காட்டியும் மூணு வருஷத்துல முப்பத்திரெண்டு. எந்த முப்பத்திரெண்டு நல்லாருக்கும்னு பாக்கறேன்."

ஏகாம்பரம் சார் சிரித்துவிட்டார். ஒடுகத்தூரில் யாரும் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு ஒரு வரன் பேசி முடிவாகும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, "பொண்ணு டீச்சர்னு சொல்லித்தானே பேச ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார்கள். உள்ளேயிருந்து ரேணுகா சொன்னாளாம்: "டீச்சர்தான் வேணும்னா எங்க ஸ்கூல்ல இன்னும் ரெண்டு பேரு கல்யாணம் ஆவாம இருக்காங்க. அட்ரஸ் தரட்டுமா?" அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அவள் அப்பா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நானும் தடுத்தேன். "வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அப்புறம் என்ற ஒன்று அவளுக்கு இல்லை என்று தெரிந்தே சொன்னேன். அவள் இல்லாத அடுப்படியை நினைத்துச் சொன்னேனோ என்னவோ. அவள் சமைக்கப் போய்விட்டாள். அன்று குழம்பில் உப்பு மட்டும் இல்லை.

செவிலியர் பள்ளியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் தெரியுமா? எங்கள் பள்ளியில் அவளிடமே ஒன்பதாம் வகுப்பு படித்த மலைப் பெண். முதல் நாள் டீச்சரைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாளாம். "உக்காரு, இங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறாள். கட்டுப் போடும் பயிற்சியில் ரேணுகாவின் கை தடுமாறும். "டீச்சர், அந்தப் பக்கம் சுத்தக் கூடாது, இந்தப் பக்கம்" என்று அந்தப் பெண்தான் திருத்துவாள். விடுமுறைக்கு மலைக்கு வந்தபோது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒரு ஆசிரியைக்கு இதைவிட அவமானம் உண்டா என்று நான் கேட்டேன். "அவமானமா? நான் சொல்லிக் குடுத்த பொண்ணு எனக்குச் சொல்லித்தர அளவுக்கு வந்துட்டா டீச்சர். நம்ம ரெண்டு பேரும் உருப்படியா வேல செஞ்சிருக்கோம்னு அர்த்தம்" என்றாள்.

படிப்பு முடிந்து மலையிலேயே ஒரு சுகாதார நிலையத்துக்கு ஒப்பந்தச் செவிலியராக வந்தாள். இனிமேல் சொல்லப்போவது அங்கிருந்த அதிகாரிகளையும் தொடும் என்பதால் எந்த நிலையம் என்று எழுதவில்லை.

அங்கே போன முதல் மாதமே சுவரில் ஒரு வரைபடம் மாட்டினாள். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஊர் எங்கோ மூலையில் இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் பக்கத்தில் இருந்தது. ஏனென்றால் அவள் ஊர்களைத் தூரத்தை வைத்துப் போடவில்லை, வந்து சேர ஆகும் நேரத்தை வைத்துப் போட்டிருந்தாள். ஒவ்வொரு பாதையையும் விடுமுறை நாட்களில் தானே நடந்து, கடிகாரம் பார்த்துக் குறித்திருந்தாள். ஜீப் போகும் ஊர் அரை மணி ஊர். ஒற்றையடிப் பாதை மட்டும் உள்ள மூங்கில்கொல்லை மூன்று மணி ஊர்.

"சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, ஜாக்ரபி கிளாஸா?" என்று அங்கிருந்த இளம் டாக்டர் கேட்டாராம்.

"ரெண்டும்தான் சார். ஃபீஸ் ஒண்ணுதான்."

கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் அந்த வரைபடத்தைப் பார்த்தே, வலி எடுத்தால் எவ்வளவு நேரத்துக்குள் கிளம்ப வேண்டும், யார் முன்கூட்டியே சாலையோர ஊருக்கு வந்து உறவினர் வீட்டில் தங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். ஐந்து மணி ஊருக்கு மேல் இருந்தால் முன்கூட்டியே வந்தாக வேண்டும். அதற்குக் கீழே என்றால் வலி தொடங்கியதும் கிளம்பினால் போதும். சனங்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். சந்தையில் பார்த்தால், "நாங்க நாலு மணி ஊரு சிஸ்டரு" என்று தங்கள் ஊரைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்த வரைபடத்தில் ஒரு தப்பு இருந்தது. அவள் நடந்தது எல்லாம் புளி உலுக்கும் காலத்தில், காய்ந்த பாதையில். நடந்தது அவள் தனியாக, கையை வீசிக்கொண்டு.

மூங்கில்கொல்லை அலமேலுவுக்கு ஒரு மழைக்கால விடியலில் வலி எடுத்தது. அவள் புருஷன் கோவிந்தன் ரேணுகா சொல்லியிருந்தபடி உடனே டோலி கட்டிக் கிளம்பிவிட்டான். ஓடையில் தண்ணீர். பாதை வழுக்கல். ஏற்றத்தில் நான்கு அடிக்கு ஒருமுறை தோள் மாற்ற வேண்டும். மூன்று மணி ஊரிலிருந்து வந்து சேர ஏழு மணி நேரமானது. அலமேலு பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இப்படி நடந்தால் நிரப்ப ஒரு படிவம் உண்டு. அதில் "தாமதத்துக்குக் காரணம்" என்று ஒரு கட்டம். மலைக்குக் கீழேயிருந்து வந்த மேலதிகாரி ஒருவர், குடும்பத்தினர் தாமதமாகக் கிளம்பியதாக எழுதச் சொன்னார். எல்லாரும் வழக்கமாக எழுதுவது அதுதான். எழுதினால் யாருக்கும் கேள்வி வராது. அந்த மாதம்தான் ரேணுகாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் என்பதையும் அவர் நினைவுபடுத்தினார். "படிச்ச பொண்ணு, புரிஞ்சிக்கோம்மா" என்றாராம்.

படிவத்தை எடுத்துக்கொண்டு அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.

நான் மறுபடியும் அதே தப்பைச் செய்தேன். "ஒரு வரிதானே ரேணுகா. எழுதிக் குடுத்துட்டு வேலையக் காப்பாத்திக்கோ. நீ இருந்தாதான் அடுத்த கர்ப்பிணிக்கு நல்லது" என்றேன்.

அவள் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"டீச்சர், பரிட்சையில கேள்வியே தப்பா வந்துட்டா இன்னா செய்வீங்க?"

"எழுத முயற்சி பண்ணவங்க எல்லாருக்கும் மார்க் போட்டுடுவோம்."

"கேள்வி போட்டவங்க தப்புக்குப் பசங்க மார்க்கக் கொறைக்க மாட்டீங்க இல்ல?"

"எப்படிக் கொறைக்கிறது?"

"கோவிந்தன் நான் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் தாமசம் பண்ணல. வலி எடுத்த ஒடனே கிளம்பிட்டான். நான் போட்ட கணக்குதான் தப்பு. பிள்ளையப் பறிகுடுத்துட்டு நிக்கறவனுக்கு முட்டை மார்க்கு போடச் சொல்றாங்க. நீங்களும் போடுன்றீங்க."

படிவத்தை எடுத்தாள். என் மேசை மேலேயே வைத்து, என் பேனாவாலேயே அந்தக் கட்டத்தில் எழுதினாள்: "குடும்பத்தினர் சொன்ன நேரத்தில் கிளம்பினர். நாங்கள் கணக்கிட்ட பயண நேரம் தவறு. மழைக்காலத்துக்கும் டோலிக்கும் பொருந்தாது." கீழே கையெழுத்து. தேதியும் போட்டாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

வேலை போனவள் ஒடுகத்தூர் திரும்பி வேறு பள்ளியில் சேர்ந்துவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தோம். பி.எட். இருக்கிறதே. அவள் மூங்கில்கொல்லைக்குப் போனாள். அலமேலுவிடமும் கோவிந்தனிடமும் தப்பு தன்னுடையது என்றும், படிவத்திலும் அப்படியே எழுதியதாகவும் நேரில் சொன்னாள். அலமேலு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். ரேணுகா வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த ஊருக்கு மறுபடி போனாள். அலமேலுவின் எடைக்கு ஒரு சாமை மூட்டையைக் கட்டச் சொல்லி, டோலியில் ஏற்றி, ஆட்களைத் தூக்கச் சொன்னாள். கையில் குடை, கடிகாரம், நோட்டு. கழியை முதலில் தோளில் வைத்தவன் கோவிந்தன். அவனை யாரும் கூப்பிடவில்லை.

வழியெல்லாம் சிரிப்பு. "மூட்டைக்கு எத்தினியாவது மாசம் சிஸ்டரு?" என்று ஒருவர். "தலைச்சன் பிரசவம், பாத்துத் தூக்குங்கப்பா" என்று இன்னொருவர். சாலையைத் தொட்ட இடத்தில் எதிரே வந்த ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்தி, "சாமைக்குக்கூட டோலியா? எங்க வண்டிக்கு வேலையே இல்லாமப் பண்ணிடுவாங்க போலக்குது" என்றார். கோவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. ஏற்றத்தில் ஒரு இடத்தில் மூட்டையை இறக்கி வைத்து, "இங்கதான் அன்னிக்கு ரொம்ப நேரம் நின்னோம். எழுதிக்குங்க" என்றானாம். அவள் எழுதிக்கொண்டாள். இறங்கும்போது அவன் சொன்ன இன்னொரு வார்த்தையையும் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறாள். "ஊர்ல எல்லாரும் எங்களத்தான் குத்தம் சொன்னாங்க. நீங்க எழுதினதக் கேட்டப்புறம் அலமேலு நேத்து சோறு துன்னுச்சு."

அந்த மழைக்காலம் முழுக்க, சம்பளம் இல்லாமல், ஊர் ஊராக அந்தச் சாமை மூட்டை நடந்தது. புது வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு நேரம். காய்ந்த காலத்துக்குக் கறுப்பு மை, மழைக்கு நீல மை. மூங்கில்கொல்லை நீல மையில் ஏழு மணி ஊர். இனி அங்கே மழைக்காலக் கர்ப்பிணி முன்கூட்டியே சாலைக்கு வந்தாக வேண்டும்.

சில மாதம் கழித்து அவளுக்கு அதே நிலையத்தில் மறுபடி வேலை கிடைத்தது. நியாயம் வென்றது என்று நான் எழுத மாட்டேன். மலைக்கு வர வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். புதிதாக வந்த பெண் மருத்துவர் வரைபடத்தைக் கேட்டு வாங்கிச் சுவரில் மாட்டினார். இன்றும் அது அங்கே இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்தக் கூட்டத்தில் பேசிய இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன். ரேணுகா வழி மாறவில்லை ஐயா. புவியியலைக் கரும்பலகையிலிருந்து இறக்கிக் காட்டுப் பாதையில் நடத்தினாள். படித்த பட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்கிறீர்களே, அந்தப் பட்டம் இல்லாத வேறு எந்தச் செவிலியருக்கு அப்படி ஒரு வரைபடம் போடத் தோன்றியிருக்கும்? இன்னொருவருக்கு: அவள் டாக்டர் ஆகாமல் நின்றுபோனவள் இல்லை. செவிலியராக வேண்டும் என்று நினைத்தாள், ஆனாள். நாம் படிப்புகளை ஏணிப்படி மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு, யார் எந்தப் படியில் நின்றார்கள் என்று இறந்த பிறகும் அண்ணாந்து பார்க்கிறோம். டோலியில் கிடப்பவளுக்கு அந்தப் படிகள் தெரியாது. அவளுக்குத் தெரிவது, கை வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கை வந்ததா இல்லையா என்பதுதான்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன்.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதிலும் காரணம் என்று ஒரு கட்டம். என் பணிக்காலம் முழுவதும் அதில் "பெற்றோரின் அக்கறையின்மை" என்றே எழுதிவந்தேன். எழுதியெழுதி அந்த வரி என் கைக்கே மனப்பாடம். ரேணுகா என் மேசையில் அந்தப் படிவத்தை எழுதிய பிறகு, அடுத்தமுறை அந்தக் கட்டத்துக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. விடுதியில் இடமில்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பியவள். அவள் ஊருக்கு நடந்து போனேன். போக இரண்டரை மணி நேரம். அவள் தினமும் இருட்டில் எழுந்து, களியைக் கட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். நாங்கள் அவளைத் தாமதமாக வந்ததற்கு வெளியே நிற்க வைத்திருக்கிறோம். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. மோர் கொடுத்தார்.

திரும்பி வந்து அந்தக் கட்டத்தில் எழுதினேன்: "இரண்டரை மணி நேர நடை. விடுதியில் இடம் தரவில்லை. தவறு பள்ளியுடையது."

ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இன்னாங்கம்மா இது, ரிட்டயர் ஆவற நேரத்துல உங்க ஸ்கூல் மேல நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க? மாத்திடுங்க" என்றார். வெள்ளை மை புட்டியைக்கூட என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் புட்டியை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அந்த மாணவிக்கு விடுதியில் ஒரு பாய் போட இடம் கண்டுபிடித்தோம். என் ஓய்வூதியக் கோப்பு கொஞ்ச நாள் தாமதமாக நகர்ந்தது. அந்த வரி பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. நான் எழுதியதிலேயே என் கையெழுத்து மிக நன்றாக விழுந்த வரி அது.